போன் ஒப்பந்தத்தை இடையில் விடுவது: கனடாவில் ரத்துக் கட்டணம் எப்போது இல்லை, எப்போது குறையும்

கேள்வி கேட்டவர் ஒன்ராறியோவில் இருக்கிறார். ஒரு மோலின் நடுவே இருக்கும் சின்ன ஸ்டோலில் 24 மாத ஒப்பந்தத்தில் போன் எடுத்து எட்டு மாதமும் சில நாட்களும் ஆகின்றன. போனின் விலை 1,080 டொலர். எடுக்கும்போது கையில் காசு எதுவும் கொடுக்கவில்லை. போனும் பிளானும் சேர்த்து மாதம் 70 டொலர் என்று சொன்னார்களாம். முதல் பில் 79 டொலர் 10 சதமாக வந்தது, போன மாதம் 84 டொலர் 75 சதம். இதற்கிடையில் வேலை மாறி வேறு ஊருக்குப் போய்விட்டார், அங்கே சிக்னல் பிடிப்பதில்லை. ஒப்பந்தத்தை விடப் போகிறேன் என்று கேட்டதற்கு 720 டொலர் ரத்துக் கட்டணம் என்று சொல்லியிருக்கிறார்கள். கட்டாமல் வெளியே வர வழி உண்டா என்பது கேள்வி.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சதம்கூடக் கட்டாமல் வருவதற்கு உங்களுக்கு ஒன்றிரண்டு வழிகள் இருக்கலாம், அது உங்கள் கையில் இருக்கும் காகிதத்தைப் பொறுத்தது. ஆனால் 720 டொலர் என்பது பிழையான கணக்கு. நீங்கள் சொன்ன விபரம் சரியென்றால் இன்று அவர்கள் கேட்கக்கூடிய ஆகக் கூடிய தொகை 675 டொலர். ஏன் என்பதைக் கீழே விளக்குகிறேன். இந்தக் கணக்கு விளங்கினால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

கனடாவில் கைத்தொலைபேசி ஒப்பந்தங்களுக்கு ஒரு பொது விதிமுறை இருக்கிறது. பெயர் வயர்லெஸ் கோட். தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் சிஆர்டிசி என்ற மத்திய ஆணையம் 2013 ஜூனில் இதை வெளியிட்டது, அந்த ஆண்டு டிசம்பர் 2 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இங்கே வந்தவர்களுக்கு நினைவிருக்கும்: மூன்று வருட ஒப்பந்தம்தான் வழக்கம். இடையில் விட்டால் மீதி இருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் 20 டொலர் என்று கணக்குப் போட்டு 400 டொலர் வரை அறவிடுவார்கள், டேட்டாவுக்கு வேறு தனியாக. போனின் விலைக்கும் அந்தத் தொகைக்கும் தொடர்பே இருக்காது. கியூபெக் மாகாணம் 2010-லேயே தன் சட்டத்தால் இதைக் கட்டுப்படுத்தியது, பிறகுதான் முழு நாட்டுக்கும் கோட் வந்தது. 2015 ஜூன் 3 முதல் பழைய ஒப்பந்தங்களுக்கும் அது பொருந்தும் என்று சிஆர்டிசி சொன்னதை எதிர்த்துக் கொம்பனிகள் நீதிமன்றம் போயின. மத்திய மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளிவிட்டது. அதனால் ரோஜர்ஸ், பெல், டெலஸ், ஃப்ரீடம், அவர்களின் கிளைப் பெயர்களான ஃபிடோ, கூடோ, வேர்ஜின் பிளஸ் என்று யாரிடம் நீங்கள் போன் எடுத்திருந்தாலும் விதி ஒன்றுதான். கடை வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும்: மாதத் தொலைத்தொடர்புச் செலவு சராசரியாக 2,500 டொலருக்குக் குறைவாக உள்ள சிறு வியாபாரங்களையும் இந்தக் கோட் காப்பாற்றுகிறது.

கோட் செய்த பெரிய காரியம், ரத்துக் கட்டணத்தின் பொருளையே மாற்றியது. முன்பு அது தண்டம். இப்போது அது நீங்கள் இன்னும் கட்டி முடிக்காத போனின் விலை, அவ்வளவுதான். ஒப்பந்தத்தை இடையில் விடுபவரிடம் இந்த ஒரு கட்டணத்தைத் தவிர வேறு எந்தப் பெயரிலும் தண்டமோ கட்டணமோ அறவிடக் கூடாது என்று கோட் நேரடியாகவே சொல்கிறது. ஆகவே உங்களிடம் ஒரு தொகையைச் சொல்லும்போது மனதில் வர வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதில் போனின் மீதி எவ்வளவு? அதற்கு மேல் இருந்தால் அது உங்கள் கடன் இல்லை.

இனிக் கணக்கு. ஒப்பந்தம் இல்லாமல் அந்தப் போனை வாங்கினால் அந்தக் கொம்பனி என்ன விலை சொல்லும், உற்பத்தியாளர் என்ன விலை போட்டிருக்கிறார் என்று இரண்டையும் பார்த்து, குறைவானதை எடுக்க வேண்டும். அதிலிருந்து நீங்கள் முதல் நாள் கையில் கொடுத்த காசைக் கழிக்க வேண்டும். வருவதுதான் அவர்கள் உங்களுக்குத் தந்த மானியம். உங்கள் விடயத்தில் 1,080 டொலர். இது மாதாமாதம் சம அளவில் குறைந்து, 24 மாதத்தில், அல்லது ஒப்பந்தம் அதைவிடக் குறுகியதென்றால் அந்தக் காலத்துக்குள், பூச்சியமாக வேண்டும். 1,080-ஐ 24-ஆல் பிரித்தால் மாதம் 45 டொலர். எட்டு மாதம் கழிந்தால் மீதி 16 மாதம், 16 தடவை 45 என்றால் 720. உங்களுக்குச் சொன்ன தொகை இதுதான்.

ஆனால் கோட்டில் ஒரு வரி இருக்கிறது, பலருக்குத் தெரியாது: ஒரு மாதம் தொடங்கிவிட்டால், ரத்துக் கட்டணக் கணக்கில் அது முழுதாக முடிந்த மாதமாகவே எண்ணப்பட வேண்டும். நீங்கள் எட்டு மாதம் முடித்து ஒன்பதாவது மாதத்துக்குள் நிற்கிறீர்கள். அதனால் ஒன்பது மாதம் கழிந்ததாகவே கணக்கு. மீதி 15 மாதம், 675 டொலர். 45 டொலர் பெரிய தொகை இல்லை என்று நினைக்கலாம். ஆனால் இந்த வரியை நீங்கள் போனில் சொன்னதும், எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் கோட்டை வாசித்த ஒருவரோடு கதைக்கிறோம் என்று விளங்கிக்கொள்வார். அதன் பிறகு உரையாடலின் போக்கே வேறு.

அடுத்தது பில். 70 டொலருக்கு ஒன்ராறியோவின் 13 வீத எச்எஸ்டி வரியைச் சேர்த்துப் பாருங்கள்: 79 டொலர் 10 சதம். உங்கள் முதல் பில் சரியாகத்தான் வந்திருக்கிறது, ஸ்டோலில் நின்றவர் வரியைச் சொல்லவில்லை. அதை வைத்து ஒப்பந்தத்தை உடைக்க முடியாது. ஆனால் 84 டொலர் 75 சதம் வேறு கதை. அதிலிருந்து வரியை எடுத்தால் 75 டொலர். ஆக, யாரோ உங்கள் மாதக் கட்டணத்தில் 5 டொலர் ஏற்றியிருக்கிறார்கள். இது ஏன் என்று கண்டுபிடிப்பதுதான் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை.

ஒப்பந்தக் காலத்துக்குள் விலை, நிமிடங்கள், டேட்டா அளவு போன்ற முக்கிய விடயங்களை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் மாற்றக் கூடாது. விலையைக் குறைப்பதென்றாலோ டேட்டாவைக் கூட்டுவதென்றாலோ சம்மதம் வேண்டாம், உங்களுக்கு நன்மையான மாற்றம் அது. கூட்டுவதற்குச் சம்மதம் வேண்டும். ஆனால் அவசரப்பட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள். இரண்டு காரணங்களால் இந்த 5 டொலர் நியாயமாகவும் இருக்கக்கூடும். ஆறு அல்லது எட்டு மாதத்துக்கு மட்டும் தந்த கழிவு முடிந்திருக்கலாம், அது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கும். அல்லது போனுக்குத் தனியாக 24 மாதத் தவணை, பிளானோ மாதத்துக்கு மாதம் என்று இரண்டாகப் பிரித்து எழுதியிருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் அது மீறல். மீறல் நடந்தால் ஒப்பந்தம் தானாக முறிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கூடுதலாக எடுத்த காசைத் திருப்பவும் பழைய விலைக்குக் கொண்டுவரவும் கேட்பது உங்கள் உரிமை, அதற்குமேல் கட்டணமின்றி விடுவிக்கச் சொல்லிக் கேட்பது பேரம். மீறலை எழுத்தில் காட்டினால் அந்தப் பேரத்தில் உங்கள் கை ஓங்கியிருக்கும்.

இதையெல்லாம் எங்கே பார்ப்பது? ஒப்பந்தத்தோடு இரண்டு பக்கத்துக்கு மேற்படாத ஒரு சுருக்கம் தந்திருக்க வேண்டும். மேலே 'கிரிட்டிக்கல் இன்ஃபர்மேஷன் சமரி' என்று தலைப்பு இருக்கும். பெயர் பெரிதாக இருந்தாலும் உள்ளே இருப்பது நமக்கு வேண்டிய விடயம்: மாதக் கட்டணம் எவ்வளவு, ரத்துக் கட்டணம் தொடக்கத்தில் எவ்வளவு, அது மாதம் எவ்வளவு குறையும், எந்தத் தேதியில் பூச்சியமாகும். அந்தத் தேதியைப் போனின் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். நான் பல வருடமாக எங்கள் பகுதி நூலகத்தில் புதிதாக வந்தவர்களுக்குப் படிவம் நிரப்ப உதவி செய்கிறேன். இந்த விடயமாக வருபவர்களிடம் முதலில் கேட்பது அந்த இரண்டு பக்கத்தைத்தான். பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். மின்னஞ்சலில் எங்கேயோ கிடக்கும். தேடி எடுத்து வாசிக்கும்போது பாதிப் பிரச்சினை அந்த மேசையிலேயே தீர்ந்துவிடும். தேதி ஏற்கெனவே கழிந்திருக்கும், அவர் விடுபட்டு மூன்று மாதமாகியும் கட்டுப்பட்டிருப்பதாக நினைத்துக் கொண்டிருப்பார்.

அந்தக் காகிதத்தில் இன்னொரு வாசலும் இருக்கிறது, உங்களுக்கு உதவக்கூடியது அதுவாக இருக்கலாம். நேரில் கையெழுத்துப் போட்டால் ஒப்பந்தத்தின் நிரந்தரப் பிரதியை அப்போதே தர வேண்டும். போனிலோ இணையத்திலோ எடுத்தால் அவர்கள் 15 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். இதைச் செய்யத் தவறினாலோ, வந்த பிரதியில் இருக்கும் விடயம் நீங்கள் சம்மதித்த விடயத்தோடு ஒத்துப்போகாவிட்டாலோ, பிரதி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் ரத்துக் கட்டணமோ வேறு தண்டமோ இல்லாமல் ஒப்பந்தத்தை விடலாம். மோல் ஸ்டோல்களில் வாயால் ஒன்று சொல்வார்கள், கணினி அச்சடிப்பது வேறொன்றாக இருக்கும். அப்படி மாட்டியவர்களுக்காகவே எழுதப்பட்ட விதி போல எனக்குத் தோன்றும். நீங்கள் எட்டு மாதம் தாண்டிவிட்டீர்கள், அதனால் பிரதி முதல் நாளே வந்திருந்தால் இந்த வாசல் மூடிவிட்டது. ஆனால் நிரந்தரப் பிரதி உங்களுக்கு வரவே இல்லையென்றால், அந்த 30 நாள் இன்னும் தொடங்கவில்லை என்று வாதாட இடமிருக்கிறது. மின்னஞ்சலின் குப்பைப் பெட்டியையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள். இல்லையென்று உறுதியானால், எழுத்து மூலம் பிரதி கேளுங்கள். அவர்கள் அனுப்பும் தேதியே உங்களுக்கு ஆதாரம்.

புதிதாக ஒப்பந்தம் எடுக்கப் போகிறவர்களுக்கு இதைவிட எளிய வழி இருக்கிறது: பரீட்சார்த்த காலம். ரத்துக் கட்டணம் உள்ள எந்த ஒப்பந்தத்துக்கும் சேவை தொடங்கிய நாளிலிருந்து குறைந்தது 15 நாள் தர வேண்டும். அதற்குள் விட்டால் கட்டணம் இல்லை. போனைப் புதிது போலவே, பெட்டியோடு, வயரோடு திருப்பிக் கொடுக்க வேண்டும், மாதப் பாவனை அளவில் பாதிக்குக் குறையாத ஒரு வரம்பு வைத்திருப்பார்கள், அதைத் தாண்டக் கூடாது. மாற்றுத்திறனாளி என்று அறிவித்தவருக்கு 30 நாளும் இரட்டிப்புப் பாவனையும் உண்டு. ஆகவே புதுப் போனின் பெட்டியை அன்றைக்கே எறியாதீர்கள். அந்த இரண்டு வாரத்தில் வீட்டின் நிலவறை, வேலைத்தளம், பஸ் போகும் பாதை என்று எல்லா இடத்திலும் சிக்னலைச் சோதித்துப் பாருங்கள். பேஸ்மென்டில் வாடகைக்கு இருப்பவர்கள் முதல் நாளே பார்க்க வேண்டிய விடயம் இது.

போன் எதுவும் எடுக்காமல் சொந்தப் போனில் சிம் மட்டும் போட்டவர்கள் அனேகமாக மாதத்துக்கு மாதம் இருப்பார்கள், அவர்களுக்கு ரத்துக் கட்டணமே கிடையாது. அப்படியும் காலக்கெடுவோடு ஒப்பந்தம் இருந்தால், 50 டொலர் அல்லது மீதி மாதங்களின் கட்டணத்தில் பத்து வீதம், எது குறைவோ அதுதான் உச்சம். 60 டொலர் பிளானில் 8 மாதம் மீதியென்றால் மொத்தம் 480, பத்து வீதம் 48 டொலர். 20 மாதம் மீதியென்றால் பத்து வீதம் 120, ஆனாலும் கேட்கக்கூடியது 50-தான்.

இனி 30 நாள் முன்னறிவித்தல் பற்றி. இதைப் பற்றிச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை, ஏனென்றால் இன்றைக்கும் வயதானவர்களிடம் இதைச் சொல்லிக் காசு எடுக்கிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டு மாமிக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. மகன் வாங்கிக் கொடுத்த போன், 24 மாதம் முடிந்து, அவர் மகனின் குடும்பப் பிளானுக்கு மாற விரும்பினார். நம்பரும் புதிது, பழையது வேண்டாம். குசினி மேசையில் போனை ஸ்பீக்கரில் போட்டு என்னையும் கூப்பிட்டு இருத்தினார்.

"ரத்துச் செய்யலாம், ஆனால் முப்பது நாளுக்கு முதல் அறிவிக்க வேண்டும், இன்னும் ஒரு மாதப் பில் வரும்" என்றார் எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்.

மாமி என்னைப் பார்த்து, "பிள்ளை, ஒரு மாசக் காசுதானே, குடுத்திட்டு விடுவம். இவையோட ஆர் கதைச்சு வெல்லுறது?" என்றார்.

நான் எதிர்ப்பக்கத்தவரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். வயர்லெஸ் கோட்டின்படி ரத்து, அறிவித்தல் கிடைத்த அன்றே நடைமுறைக்கு வரும். இன்றைய தேதியையும் உங்கள் பெயரையும் இந்த அழைப்பின் இலக்கத்தையும் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறோம். அவர் கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொன்னார். பாட்டு ஓடியது. ஏழு நிமிடத்துக்குப் பிறகு வந்து, இன்றே ரத்தாகிவிட்டது, முற்பணமாகக் கட்டிய மாதத்தில் மீதி நாட்களுக்கான காசு திரும்பி வரும் என்றார். அதுவும் அவர் செய்த உதவி இல்லை. மீதி நாட்களுக்கான பணத்தைக் கணக்கிட்டுத் திருப்ப வேண்டும் என்று சிஆர்டிசி 2016-ல் தெளிவாகவே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மாமிக்கு வந்தது இருபது டொலருக்குக் கொஞ்சம் கூட. ஆனால் அவர் அது பற்றி வந்த கடிதத்தை மடித்துச் சாமி அறையில் வைத்திருக்கிறார்.

ஒப்பந்தம் முடிவதற்கு 90 நாளுக்கு முன் கொம்பனி உங்களுக்கு அறிவிக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒரு அழைப்பும் வரும்: புதுப் போன் தருகிறோம், கையில் ஒரு சதமும் வேண்டாம் என்று. அதற்கு ஓம் என்றால் திரும்பவும் 24 மாதம் தொடங்கும். போனில் ஓம் என்று சொல்வதற்கு முன், இதனால் என் ஒப்பந்தம் எந்தத் தேதிவரை நீளும் என்று கேட்டு, அதை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள்.

போனைத் தவணையில் தரும் புதிய முறையைப் பற்றிச் சிலர் குழம்பியிருக்கிறார்கள். 2019 கோடையில் கொம்பனிகள் போனைத் தனியாகவும் பிளானைத் தனியாகவும் பிரித்து, வட்டியில்லாத் தவணை என்று விற்கத் தொடங்கின. சில இடங்களில் 36 மாதத் தவணை போட்டார்கள். 24 மாதத்தில் பூச்சியமாக வேண்டிய கட்டணம் 36 மாதத்துக்கு நீண்டது. சிஆர்டிசி அந்த ஆகஸ்டிலேயே 36 மாதத் திட்டங்களை நிறுத்தச் சொன்னது, 2021-ல் இந்தத் தவணை முறைக்கும் கோட் பொருந்தும் என்று தீர்மானித்தது. ஆகவே 'இது ஒப்பந்தம் இல்லை, கடன், கோட் இதற்குப் பொருந்தாது' என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

ஆனால் ஒரு இடத்தில் உண்மையாகவே கவனம் தேவை. மாதத் தவணையைக் குறைத்துக் காட்டுவதற்காக, போனின் விலையில் ஒரு பகுதியைக் கடைசிக்குத் தள்ளி வைக்கும் திட்டங்கள் இருக்கின்றன. 24 மாத முடிவில் போனை நல்ல நிலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது தள்ளி வைத்த தொகையைக் கட்ட வேண்டும். இடையில் விட்டாலும் இதே தெரிவு. திரை வெடித்திருந்தால் திருப்பி எடுக்க மறுப்பார்கள் அல்லது காசு பிடிப்பார்கள். 300, 400 டொலர் இப்படிக் கடைசியில் வந்து விழுந்து, ரத்துக் கட்டணம் என்று நினைத்து அழுதவர்களை நான் கண்டிருக்கிறேன். உங்கள் சுருக்கத்தில் போனைத் திருப்பிக் கொடுப்பது பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் நான் மேலே போட்ட 1,080 கணக்கு மாறும்.

சிக்னல் இல்லாத ஊருக்கு மாறினால் ஒப்பந்தத்தை விடலாம் என்று கோட்டில் எங்கேயும் இல்லை. இதை நேராகச் சொல்வதுதான் நல்லது, ஏனென்றால் இதை நம்பிப் பலர் வீணாகச் சண்டை போடுகிறார்கள். ஆனாலும் கேட்பதில் பிழையில்லை. வீட்டு முகவரிக்குக் கொம்பனியின் சொந்த வரைபடமே நல்ல சேவை காட்டி, நடைமுறையில் அழைப்பு அறுந்தால், தேதி, நேரம், இடம் என்று இரண்டு வாரத்துக்குக் குறிப்பு வைத்து முறையிடுங்கள். பணம் கொடுத்த சேவை கிடைக்கவில்லை என்பது நல்ல முறைப்பாடு. வீட்டுக்குள் மட்டும்தான் பிரச்சினையென்றால் வைஃபை வழியாக அழைக்கும் வசதியை முதலில் போட்டுப் பாருங்கள், சிலருக்கு அதோடு சரியாகிவிடும்.

உங்களுக்குப் பதிலாக வேறொருவர் ஒப்பந்தத்தைப் பொறுப்பேற்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். கணக்கின் பொறுப்பை இன்னொருவர் பெயருக்கு மாற்றுவது எல்லாப் பெரிய கொம்பனிகளிலும் நடக்கிறது. அவருடைய கிரெடிட்டை, அதாவது கடன் கட்டிய வரலாற்றைப் பார்ப்பார்கள், போனின் மீதியும் அவர் தலைக்குப் போகும், ஆகவே போனையும் அவரிடமே கொடுக்க வேண்டியிருக்கும். படிப்பு முடிந்து ஊருக்குத் திரும்பும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். இன்னொரு வழி, போனின் மீதியைக் கட்டிவிட்டு அதை விற்பது. 2017 டிசம்பர் 1 முதல் கனடாவில் விற்கும் போன்கள் பூட்டில்லாமல்தான் வர வேண்டும், பழையதாக இருந்தாலும் பூட்டைத் திறக்கக் காசு கேட்கக் கூடாது. எந்த சிம்மும் போடக்கூடிய போனுக்கு நல்ல விலை கிடைக்கும். உங்கள் போன் எட்டு மாதப் பழசு, கீறல் இல்லையென்றால் 675 டொலரில் பெரும் பகுதி அதிலேயே வந்துவிடும். ஊருக்கே கொண்டு போய் அங்குள்ள சிம் போட்டுப் பாவிக்கவும் தடையில்லை.

கட்டாமல் அப்படியே விட்டுவிட்டு விமானம் ஏறினால் என்ன என்று கேட்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். கடன் அறவிடும் கொம்பனிக்கு விற்கப்படும், கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் கொம்பனிகளின் பதிவில் ஆறு வருடம் வரை நிற்கும். திரும்பி வந்து வாடகைக்கு வீடு தேடும்போது அந்தக் கடன் உங்களுக்கு முன்னால் வந்து நிற்கும். பில் பிழையென்றால் பிழையான பகுதியை எழுத்தில் மறுத்து, மீதியைக் கட்டுங்கள்.

இப்போது நீங்கள் என்ன செய்ய வேண்டும்? சுருக்கத்தையும் கடைசி மூன்று பில்களையும் முன்னால் வைத்துக்கொண்டு கொம்பனியோடு கதையுங்கள். போனை விட இணைய உரையாடல் நல்லது, எழுத்து மிஞ்சும். 5 டொலர் ஏன் ஏறியது, எந்தத் தேதியில் நான் சம்மதித்தேன், ரத்துக் கட்டணத்தில் போனின் மானியம் எவ்வளவு, எத்தனை மாதம் கழிந்ததாக எண்ணினீர்கள் என்று இந்த நாலு கேள்வியை மட்டும் கேளுங்கள். கோபப்பட வேண்டாம். முதலில் வருபவருக்கு அதிகாரம் இல்லை, மேலாளரைக் கேளுங்கள். சரிவராவிட்டால் சிசிடிஎஸ் என்ற முறைப்பாட்டு ஆணையத்துக்கு எழுதுங்கள். 2007-ல் தொடங்கப்பட்ட சுயாதீன அமைப்பு அது, உங்களிடம் ஒரு சதமும் வாங்காது. இணையத்தில் ஒரு படிவம், கொம்பனியோடு ஏற்கெனவே கதைத்துப் பார்த்தீர்கள் என்பதற்கு ஆதாரம், அவ்வளவுதான் வேண்டும். எழுத்தில் அனுமதி கொடுத்தால் உங்கள் சார்பில் மகனோ மருமகளோ நடத்தலாம், இங்கிலிஷ் சரியாக வராத பெரியவர்களுக்கு இது பெரிய உதவி. 5,000 டொலர் வரை நட்டஈடு கொடுக்கச் சொல்லும் அதிகாரம் அதற்கு உண்டு. அதன் முடிவு கொம்பனியைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. என் அனுபவத்தில், முறைப்பாடு போய்ச் சேர்ந்த சில நாளிலேயே கொம்பனியின் வேறொரு பிரிவிலிருந்து ஒருவர் மரியாதையாக எடுத்துக் கதைப்பார். வாரக்கணக்கில் முடியாது என்றது பெரும்பாலும் அந்த அழைப்பிலேயே முடிந்துவிடும்.

2024 ஜூனில் பாராளுமன்றம் தொலைத்தொடர்புச் சட்டத்தைத் திருத்தி, ஒரு சேவையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்குத் தடையாக இருக்கும் கட்டணங்களைக் கட்டுப்படுத்தும்படி சிஆர்டிசியிடம் சொன்னது. அந்த நவம்பரில் விசாரணைகளும் தொடங்கின. அதனால் ஆணையத்தின் இணையத்தளத்தில் இருக்கும் கோட்டின் நடப்புப் பிரதியை ஒருமுறை வாசித்துவிட்டு அழைப்பை எடுங்கள். எளிமையான ஆங்கிலத்தில்தான் எழுதியிருக்கிறார்கள்.

கடைசியாக, நம்பர். பழைய நம்பர் வேண்டுமென்றால் நீங்கள் ரத்துச் செய்யவே கூடாது. ரத்தான கணக்கிலிருந்து நம்பரை எடுப்பது பெரும் தலையிடி. 2007 மார்ச் முதல் கனடாவில் நம்பரைக் கொண்டு போகும் உரிமை இருக்கிறது. புதுக் கொம்பனிக்குப் போய், பழைய கணக்கு இலக்கத்தைக் கொடுத்து நம்பரை மாற்றச் சொல்லுங்கள். பழைய சிம்மை அதுவரை போனிலிருந்து கழற்றாதீர்கள், நீங்கள்தான் கேட்டீர்களா என்று அந்த நம்பருக்கு ஒரு குறுஞ்செய்தி வரும், ஓம் என்று பதில் போட்டால்தான் வேலை நடக்கும். நம்பர் மாறியதும் பழைய சேவை தானாக நின்றுவிடும், தனியாக ரத்துச் சொல்லத் தேவையில்லை. ஒன்பதாவது மாதம் முடியும் தேதியைப் பார்த்து, பத்தாவது மாதம் தொடங்கிய அடுத்த நாள் மாற்றினால் உங்கள் மீதி 675-லிருந்து 630 ஆகியிருக்கும்.